சதுர மேசை

மூன்று அண்ணன் தம்பிகள். மூவரும் பிரான்சை ஆண்டவர்கள். மூத்தவர் பதினாறாம் லூயி, கில்லட்டினில் தலை போனது. அடுத்தவர் பதினெட்டாம் லூயி, மன்னராகவே கண்ணை மூடினார். கடைக்குட்டி பத்தாம் சார்லஸ். துரத்தப்பட்டவர்.

தலை போனவரைப் பற்றிப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. துரத்தப்பட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கிடைத்ததை எழுதி வைக்கிறேன். வரிசை இல்லாமல் வந்தாலும் வரட்டும்.

*

1757 அக்டோபர் 9, வெர்சாயில் பிறப்பு. இளவயதுப் பட்டம் ஆர்த்துவா கோமகன். அழகன். சூதாட்டம், குதிரை, கடன்.

கயிற்றின் மேல் நடக்கக் கற்றுக்கொண்டவர். அதற்கென்று தனியாக ஒரு கழைக்கூத்து வாத்தியார்.

1777. அண்ணி, அரசி மரி அந்துவானெத்தோடு பந்தயம். ஒரு லட்சம் லிவ்ர். பாரிஸை ஒட்டிய புலோன் காட்டில் ஒரு சிறு மாளிகையை அண்ணி ஊர் திரும்புவதற்குள் கட்டி முடிப்பதாக.

64 நாளில் எழுந்துவிட்டது. பகாத்தெல் மாளிகை. இன்றும் நிற்கிறது.

தொள்ளாயிரம் ஆட்கள், இரவும் பகலும். கல், சுண்ணாம்பு, ஜிப்சம் போதவில்லை. பாரிஸ் சாலைகளில் காவலர்களை நிறுத்தி, வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்த வண்டிகளை மறித்துச் சரக்கை இறக்கிக்கொண்டார்கள்.

காசு கொடுத்தார்கள்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்புக்காகக் காத்திருந்தவர் வீட்டுச் சுவர்?

*

1789 ஜூலை 14, புரட்சி வெடித்து பஸ்தீல் சிறை விழுந்தது. 16-ம் தேதி இரவே ஆர்த்துவா கோமகன் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். குடும்பத்தில் முதல் ஆள். வயது 31.

திரும்பி வந்தபோது 56.

1795. பிரான்சின் மேற்குக் கரையில் வாந்தே விவசாயிகள் மன்னருக்காகச் சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். இளவரசர் வருகிறார் என்று சேதி. ஆங்கிலேயக் கப்பலில் வந்தார். யூ தீவு வரை. எதிரே கரை. இறங்கவில்லை. திரும்பிப் போனார்.

அந்த விவசாயிகளை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர்களுக்கு இவர் பெயர் மட்டுமே தெரியும்.

எடின்பரோ, ஹோலிரூட் அரண்மனை. 1796 முதல். ஏன் அங்கே? அந்த அரண்மனை எல்லைக்குள் இருக்கும்வரை கடன் பட்டவரைக் கைது செய்ய முடியாது. பழைய ஸ்காட்லாந்துச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை கடனுக்காகக் கைது கிடையாது. எனவே ஞாயிறு மட்டும் வெளியே போய்வரலாம்.

1804. காதலி லூயிஸ் தெ பொலாஸ்த்ரோன் காசநோயில் இறந்தார். சாகும்போது ஒரு சத்தியம் கேட்டார்: இனி கடவுளைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்று. சார்லஸ் செய்து கொடுத்தார். அதன் பிறகு 32 வருடம் வாழ்ந்தார். சத்தியத்தை மீறவில்லை.

இதை நான் மதிக்கிறேன். ஒரு வாக்கைக் கடைசிவரை காப்பாற்றத் தெரிந்த மனிதர்.

*

1814 ஏப்ரல் 12. நெப்போலியன் விழுந்தபின் மறுபடி பாரிஸ். வரவேற்பில் உணர்ச்சி மேலிட்டு ஏதோ சொன்னார், கோர்வையாக வரவில்லை. பத்திரிகையில் போட வாசகம் வேண்டும். தற்காலிக அரசை நடத்திய தலேரானின் ஆட்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். பெஞ்ஞோ என்பவர் எழுதியது தேறியது: எதுவும் மாறவில்லை, பிரான்சில் ஒரு பிரெஞ்சுக்காரர் கூடியிருக்கிறார், அவ்வளவே.

நான் அப்படிச் சொல்லவில்லையே என்றாராம் இளவரசர். சொன்னதாகவே இருக்கட்டும் என்றார்களாம்.

அவர் பேசியதாக இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் வாசகம் அதுதான்.

1820 பிப்ரவரி 13 இரவு. மகன் பெர்ரி கோமகன் ஓபரா வாசலில் குத்துப்பட்டார். விடியும்போது உயிர் போனது. குத்தியவர் லூவெல், சேணம் செய்யும் தொழிலாளி. இந்த வம்சமே அற்றுப்போக வேண்டும் என்று தனியாகத் திட்டம் போட்டவர்.

செப்டம்பர் 29. இறந்தவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஹென்றி.

1824 செப்டம்பர். அண்ணன் பதினெட்டாம் லூயி இறந்தார், தம்பிக்கு அரியணை. வயது கிட்டத்தட்ட 67. கொட்டுகிற மழையில் குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து பாரிஸுக்குள் வந்தார். ஈட்டிக்காரர்கள் கூட்டத்தை விலக்கியபோது வேண்டாம் என்று தடுத்தார். இரண்டு நாளில் பத்திரிகைத் தணிக்கையையும் நீக்கினார்.

ஊரே வாழ்த்தியது. இதை மறக்கக் கூடாது. தொடக்கத்தில் மக்கள் இவரை விரும்பினார்கள்.

*

1825. இந்த வருடத்தின் ஆறு வாரத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

ஏப்ரல் 17. ஹெய்ட்டி குறித்த ஆணை.

ஏப்ரல் 20. தெய்வ நிந்தனைச் சட்டம்.

ஏப்ரல் 27. நாடு விட்டு ஓடிய பிரபுக்களுக்கு நஷ்ட ஈட்டுச் சட்டம்.

மே 29. முடிசூட்டு.

கடைசியிலிருந்து வருகிறேன்.

ரெய்ம்ஸ் பேராலயம். மன்னர்களுக்குப் பூசும் புனித எண்ணெய் ஒரு சிறு குப்பியில் இருந்தது. முதல் கிறிஸ்தவ மன்னர் குளோவிஸுக்காக வானத்திலிருந்து ஒரு புறா கொண்டுவந்தது என்பது ஐதீகம். 1793 அக்டோபர் 7-ல் ஃபிலிப் ரூல் என்ற புரட்சிப் பிரதிநிதி அதை ஊர்ச் சதுக்கத்தில், பதினைந்தாம் லூயி சிலையின் பீடத்தில் வைத்துச் சுத்தியலால் உடைத்தார்.

சில்லுகளைச் சிலர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். பிசுக்காகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் புது எண்ணெயில் கலந்தார்கள்.

மன்னர் தரையில் குப்புறப் படுத்தார். எழுந்தார். ஏழு இடத்தில் பூச்சு. உச்சி, மார்பு, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே, இரு தோள், இரு முழங்கை மடிப்பு. உடுப்பில் அந்தந்த இடத்தில் திறப்பு வைத்துத் தைத்திருந்தார்கள்.

அந்தத் தையற்காரரை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கிழவரின் உடம்பில் ஏழு இடத்தை அளந்து குறித்திருப்பார்.

காலணி அணிவிப்பது தலைமைப் பள்ளியறை அதிகாரியின் வேலை. அது தலேரான். ஒருகாலத்தில் ஆயர். பிறகு புரட்சிக்காரர். பிறகு நெப்போலியனின் அமைச்சர். கால் ஊனமுள்ளவர். குனிந்து போட்டுவிட்டார்.

மே 31. ரெய்ம்ஸ் சன் மர்க்கூல் மருத்துவமனை. கண்டமாலை நோயாளிகள், நூற்றிருபது பேர் அளவில். கழுத்தில் கட்டி கட்டியாக, சிலருக்குச் சீழ் வடியும். மன்னர் தொட்டால் ஆறும் என்பது பல நூற்றாண்டு நம்பிக்கை. ஒவ்வொருவரையும் தொட்டுச் சிலுவைக் குறி இட்டார்.

நீங்கள் குணமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன் என்றாராம்.

அவருக்குப் பின் எந்தப் பிரெஞ்சு மன்னரும் இதைச் செய்யவில்லை.

முடிசூட்டுக்காக ரொசினி ஒரு ஓபரா எழுதினார். 23 வயது விக்டர் ஹியூகோ வாழ்த்துக்கவி எழுதினார். பெரான்ஷே கேலிப்பாட்டுக் கட்டினார். கேலிப்பாட்டுக்காரருக்கு 1828-ல் ஒன்பது மாதச் சிறை, பத்தாயிரம் ஃபிராங்க் அபராதம்.

*

தெய்வ நிந்தனைச் சட்டம். திருப்பலி அப்பத்தை அவமதித்தால் மரணம். முதல் வரைவில் தலையை வெட்டும் முன் கையை வெட்ட வேண்டும் என்றும் இருந்தது. விவாதத்தில் கை வெட்டை எடுத்துவிட்டு, கோயில் வாசலில் பகிரங்க மன்னிப்பு என்று மாற்றினார்கள்.

ஒருவரையும் இந்தச் சட்டத்தால் கொல்லவில்லை. ஆனால் படித்த பாரிஸ்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வெட்டாத கத்தியும் பயமுறுத்தும்.

நஷ்ட ஈட்டுச் சட்டம். புரட்சியின்போது ஓடியவர்களின் நிலங்களை அரசு எடுத்து விற்றிருந்தது. அதற்கு ஈடாகப் பத்திரங்கள். ஆண்டுக்கு 3 கோடி ஃபிராங்க் வட்டி. முதல் நூறு கோடி என்று கணக்கு.

பெருந்தொகை பெற்றவர்களில் ஒருவர் ஒர்லியான் கோமகன் லூயி பிலிப். உறவினர். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹெய்ட்டி. பிரான்சின் சர்க்கரைத் தீவாக இருந்தது. அடிமைகள் எழுந்து, போராடி, நெப்போலியனின் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ல் விடுதலை அறிவித்தார்கள். இருபத்தொரு வருடம் கழித்துச் சார்லஸ் அந்த விடுதலையை அங்கீகரிக்கிறார். விலை 15 கோடி ஃபிராங்க். ஐந்து தவணை. வருடத்துக்கு 3 கோடி.

யாருக்கு? தோட்டத்தையும் அடிமையையும் இழந்த முதலாளிகளுக்கு.

ஜூலையில் ஆணையைக் கொண்டுபோனவர் மக்கோ பிரபு. பின்னால் 14 போர்க்கப்பல், கிட்டத்தட்ட 500 பீரங்கி. அதிபர் புவாயே கையெழுத்திட்டார்.

முதல் தவணைக்கே கஜானாவில் காசில்லை. பாரிஸ் வங்கிக்காரர்களிடமே 3 கோடி கடன். கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். 60 லட்சம் கழிவு.

சாட்டையடி வாங்கிய முதுகு, சாட்டை பிடித்த கைக்குப் பணம் கட்டியது. எத்தனை முறை படித்தாலும் ஆறவில்லை.

*

1827 ஏப்ரல் 17. பத்திரிகைகளை நெரிக்க வந்த மசோதாவை அரசு திரும்பப் பெற்றது. பாரிஸ் முழுக்க வீடுகளில் விளக்கு.

ஏப்ரல் 29. தேசியக் காவல்படை அணிவகுப்பு. கடைக்காரர்கள், எழுத்தர்கள், நோட்டரிகள், சொந்தக் காசில் சீருடை தைத்துக்கொண்டவர்கள். அணிக்குள்ளிருந்து அமைச்சர்கள் ஒழிக, ஜெசுயிட்டுகள் ஒழிக என்று குரல். அன்றிரவே படை கலைக்கப்பட்டது.

துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கவில்லை.

அதே ஏப்ரல் கடைசியில் அல்ஜியர்ஸில் வேறொன்று. முப்பது வருடம் முன்பு பிரெஞ்சுப் படைக்குக் கொடுத்த கோதுமையின் பாக்கி. ஆட்சியாளர் ஹுசைன் டே கேட்கிறார். பிரெஞ்சுத் தூதர் துவால் மழுப்புகிறார். ஹுசைன் கையிலிருந்த ஈ விசிறியால் அவரைத் தட்டினார்.

கோதுமைக் கடன், ஈ விசிறி. மூன்று வருடம் கப்பல் முற்றுகை. 1830-ல் படையெடுப்பு. அல்ஜீரியா 132 வருடம் பிரான்சின் கையில்.

*

அதே 1827 மே. ஒட்டகச்சிவிங்கி.

எகிப்தின் முகமது அலி பாஷா மன்னருக்கு அனுப்பிய பரிசு. கப்பல் மேல்தளத்தில் துளை போட்டுக் கழுத்தை வெளியே விட்டுக் கொண்டுவந்தார்கள். மார்செயிலிருந்து பாரிஸுக்கு நடை. சுமார் 880 கிலோமீட்டர், 41 நாள். துணைக்குப் பால் கொடுக்கும் பசுக்கள். மழைக்கு எண்ணெய்த்துணி அங்கி. கூடவே நடந்தவர் ஜெஃப்ருவா சன்திலேர், 55 வயது விலங்கியல் பேராசிரியர். வாத நோய்க்காரர்.

மன்னருக்கு ஓடிப்போய்ப் பார்க்க ஆசை. மருமகள் மரி தெரேஸ், பதினாறாம் லூயியின் மகள், விடவில்லை என்கிறார்கள். மிருகம்தான் மன்னரைத் தேடி வர வேண்டும், மன்னர் மிருகத்தைத் தேடிப் போகக் கூடாது.

ஜூலை 9. சன் க்ளூ மாளிகை. மிருகம் வந்தது. மன்னர் தம் கையால் ரோஜா இதழ் ஊட்டினார்.

அக்டோபர் 20. நவரினோ கடற்போர். பிரிட்டிஷ், ரஷ்யக் கப்பல்களோடு சேர்ந்து பிரெஞ்சுக் கப்பல்கள் முகமது அலியின் கடற்படையை மூழ்கடித்தன.

ஒட்டகச்சிவிங்கி 1845 வரை பாரிஸில் இருந்தது. பராமரித்தவர் அதீர் என்ற சூடானியர். பாடம் செய்த உடம்பு இப்போது லா ரோஷெல் அருங்காட்சியகத்தில்.

டிசம்பரில் லூவ்ரில் சார்லஸ் பெயரில் எகிப்து காட்சிக்கூடம் திறந்தார்கள். பொறுப்பு ஷம்பொல்லியோன், எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டியவர்.

இன்னொன்றும் அதே 1827. புதுச்சேரியில் ஆளுநர் தெபாசான் தெ ரிஷ்மோன் ஒரு பொது நூலகம் தொடங்கினார். இன்று ரோமன் ரோலண்ட் நூலகம்.

*

1829 ஆகஸ்ட் 7. ஹியூகோ சன் க்ளூவுக்குப் போனார். அவர் நாடகத்துக்குத் தடை. மன்னர் அன்பாகப் பேசினார். தடை நீங்கவில்லை. பதிலாக உதவித்தொகையை உயர்த்த முன்வந்தார்கள். ஹியூகோ வாங்கவில்லை.

மறுநாள் பொலிஞாக்கின் புது அமைச்சரவை. பொலிஞாக் யார்? மரி அந்துவானெத்தின் உயிர்த்தோழியின் மகன். வெர்சாயின் பிள்ளை.

1830 மார்ச் 2. நாடாளுமன்றத் தொடக்கம். மேடை ஏறும்போது மன்னர் இடறினார். தொப்பி விழுந்தது. எடுத்துக் கொடுத்தவர் லூயி பிலிப்.

மே 31. லூயி பிலிப்பின் அரண்மனையில் விருந்து, நடனம். எரிமலை மேல் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்றார் ஒரு விருந்தினர். மன்னர் மாடியில் நின்று வானத்தைப் பார்த்து, என் அல்ஜியர்ஸ் கப்பல்களுக்கு நல்ல காற்று என்றாராம். கீழே தோட்டத்தில் சனங்கள் நாற்காலிகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 5. அல்ஜியர்ஸ் விழுந்தது. கோட்டைக் கஜானாவில் 4 கோடியே 80 லட்சம் ஃபிராங்க் அளவில்.

அதே ஜூலையில் முடிந்த தேர்தலில் எதிர்த்தரப்புக்குப் பெரும்பான்மை. வாக்காளர்கள் மொத்தமே ஒரு லட்சத்துக்குள். நாட்டில் 3 கோடிக்கு மேல் மக்கள். அந்த ஒரு லட்சம் பணக்காரர்களே இவரை வேண்டாம் என்றார்கள்.

ஜூலை 25. சன் க்ளூவில் ஆணைகளில் கையெழுத்து. பத்திரிகைச் சுதந்திரம் நிறுத்தம். புது அவை கூடும் முன்பே கலைப்பு. வாக்குரிமைக் கணக்கிலிருந்து தொழில் வரி நீக்கம். அதாவது வணிகர் வெளியே, நிலக்காரர் உள்ளே.

26. அரசிதழில் வெளியானது. மன்னர் ரம்பூயே காட்டில் வேட்டை.

பாரிஸ் படைக்குத் தலைமை மார்ஷல் மர்மோன். 1814-ல் நெப்போலியனைக் கைவிட்டதற்காக ஊரே வெறுத்தவர். ஆணைகள் வரப்போவதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் அரசிதழில்தான் பார்த்தார்.

27. அச்சுக்கூடங்கள் மூடின. அச்சுக்கோப்பவர்கள் தெருவில்.

28. கொளுத்தும் வெயில். சிப்பாய்களுக்குக் கனத்த உடுப்பு, ரொட்டி வரவில்லை, தண்ணீர் வரவில்லை. மாடிகளிலிருந்து தெருக்கல், கூரை ஓடு, தட்டுமுட்டுச் சாமான். 1827-ல் திரும்ப வாங்காத துப்பாக்கிகள்.

சன் க்ளூவுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்டது. மாலையில் வழக்கம்போல் சீட்டு. விஸ்ட்.

29. லூவ்ர் கைமாறியது. தோற்று வந்த மர்மோனிடம் மன்னரின் மூத்த மகன் பாய்ந்தார். துரோகி, உடைவாளைக் கொடு. பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் தம் விரல்களையே அறுத்துக்கொண்டார்.

கையில் ரத்தம். சுற்றிலும் திகைத்த காவலர்கள். மன்னர் வந்து இருவரையும் சமாதானம் செய்தார்.

ஆகஸ்ட் 2. ரம்பூயே. பேரன் ஹென்றிக்காக முடி துறந்தார். அதே தாளில் மகனும் கையெழுத்திட்டார். கடிதம் லூயி பிலிப்புக்கு. பேரனை மன்னராக அறிவியுங்கள் என்று.

ஆகஸ்ட் 9. லூயி பிலிப் தாமே மன்னரானார்.

ஜூலையின் அந்த மூன்று நாளில் செத்தவர்களில் 504 பேர் பெயர் பஸ்தீல் சதுக்கத்துத் தூணில் பொறித்திருக்கிறது.

*

ரம்பூயேவிலிருந்து ஷெர்பூர் துறைமுகம். பதின்மூன்று நாள், நடை வேகத்தில். துரத்த வந்த பாரிஸ் கூட்டத்தில் பலர் குதிரை இழுக்கும் ஆம்னிபஸ்ஸில் வந்தார்கள். ஆம்னிபஸ் அந்த ஊரில் ஓடத் தொடங்கி இரண்டே வருடம்.

வழியில் லேகிள் என்ற ஊர். மன்னர் சதுர மேசையில்தான் சாப்பிட வேண்டும் என்பது அரண்மனை முறை. அந்த வீட்டில் வட்ட மேசைதான் இருந்தது. ரம்பத்தால் ஓரங்களை அறுத்துச் சதுரமாக்கினார்கள் என்கிறார்கள்.

முடி துறந்த பிறகு.

வலோஞ் ஊரில் மெய்க்காவலர்கள் தங்கள் கொடிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். அழுதார்கள். கூலிக்கு அழுத அழுகை இல்லை அது. அவரை நேசித்தவர்களும் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 16. இரண்டு அமெரிக்கக் கப்பல்கள். பயணப் பொறுப்பு துய்மோன் துர்வீல். மிலோ தீவின் வீனஸ் சிலை பிரான்சுக்கு வரக் காரணமானவர்களில் ஒருவர்.

மறுபடி எடின்பரோ. மறுபடி ஹோலிரூட்.

1832-ல் பிராக் நகரக் கோட்டை, ஆஸ்திரியப் பேரரசரின் விருந்தாளி. 1833-ல் எழுத்தாளர் ஷத்தோபிரியான் பார்க்க வந்தார். மன்னர் ஆண்டபோது அவருடைய அமைச்சர்களை எதிர்த்து எழுதித் தள்ளியவர். விழுந்த பிறகு புது மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து மேலவைப் பதவியையே உதறினார். இவரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

1836 அக்டோபர். காலராவுக்குப் பயந்து இடம் மாறிக்கொண்டே போய், கோரிசியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நவம்பர் 6. காலராவிலேயே இறந்தார். 79.

கோஸ்தன்யெவித்சா குன்றில் பிரான்சிஸ்கன் துறவிகள் மடம். நிலவறையில் அடக்கம். முதல் உலகப்போரில் குண்டு விழவும் சவப்பெட்டிகளை வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். 1932-ல் திரும்ப வைத்தார்கள். 1947-ல் புது எல்லைக்கோடு. ஊர் இத்தாலியில், மடம் யூகோஸ்லாவியாவில். இப்போது ஸ்லொவீனியா.

மடத்துத் தோட்டத்தில் பூர்போன் ரோஜா வகைகளை வளர்க்கிறார்கள்.

*

ஹெய்ட்டியின் பாக்கி. 1838-ல் மிச்சத்தை 6 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்காகக் கடன். கடைசிக் காசு போனது 1947-ல்.

2003-ல் அதிபர் அரிஸ்டீட் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். 2025 ஏப்ரல் 17-ல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாளர்கள் சேர்ந்த குழு ஒன்றை அறிவித்தார்.

பணம் பெற்ற முதலாளிகளின் பட்டியல் 1828 முதல் அரசு அச்சகத்தில் ஆறு தொகுதியாக வந்தது. உரிமையாளர் பெயர், வாரிசு பெயர், தோட்டம், தொகை. முதல் தொகுதியை எடுத்துப் பார்க்க வேண்டும். காப்பித் தோட்டத்துக்கு என்ன விலை போட்டார்கள், கரும்புக்கு என்ன, ஆளுக்கு என்ன என்று.